பத்தொன்பதாவது வாய்

அன்று தெருவில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நீலத் தொப்பி போட்ட இன்ஜினியர் தேன்மொழி. ஜேசிபி ஓட்டுகிற திருமலை. கட்டர் பிடிக்கிற காளி. அவனுக்குக் கூட நிற்கிற பிகார்க்காரர் சுராஜ். டிராக்டர்காரர், அவர் பெயர் தெரியாது, கேட்கக் கூச்சமாக இருந்தது. எதிர்வீட்டு ஜைத்தூன். என் மனைவி லூர்து. எட்டாவது நான், சவரிமுத்து. ஜேசிபிக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த செவலை நாயைச் சேர்க்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், போகாதவர்கள் தூசிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். மணி ஏழரை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பை வைத்துத் தைத்த சட்டை என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறேன். இடது பையில் முப்பத்தொரு புளியங்கொட்டை. நேற்றே எண்ணி வைத்தது, காலையில் மறுபடி எண்ணினேன், முப்பத்தொன்றுதான். வலது பையில் ஒன்றும் இல்லை. லூர்து பார்த்துவிட்டாள். "எதுக்கு இம்புட்டு கொட்ட? பல்லாங்குழி ஆட யாரும் வர்றாகளா?" என்றாள். சும்மா என்றேன். நாற்பத்தொரு வருஷமாக அவளுக்கு நான் சொல்லிவரும் பதில் அது. சும்மா என்றால் அவள் அதற்கு மேல் கேட்கமாட்டாள், கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன், இல்லை, சொல்லியிருக்கமாட்டேன்.

ரோட்டை நேற்றே வெட்டிப் போட்டுவிட்டார்கள். இன்று பழைய இரும்புக் குழாயை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்கிற வேலை, நாளைக்குக் கருப்பு பிளாஸ்டிக் குழாய் இறங்குகிறது. கிழக்கு முனையில் ஜேசிபி முதல் குழாயைச் சங்கிலி போட்டுத் தூக்கியது. காளி குழாயின் வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கட்டரால் அறுக்கிறான், பொறி பறக்கிறது, வாயும் அதற்குள் சொருகியிருந்த அடுத்த குழாயின் துண்டும் அப்படியே மேலே வருகின்றன. நான் எழுந்து போய், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தேன். வாயைச் சுற்றி வெளுத்த வளையம். ஈயம். என் உளியின் தடம் வரிசை வரிசையாக, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, நேற்று அடித்த மாதிரி இருக்கிறது. ஒரு கொட்டையை இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டேன். ஒன்று. இந்தத் தெருவுக்குக் குழாய் போட்டபோது ஈயம் ஊற்றியவன் நான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, ஆறாவது வரைக்கும் படிப்பு, குழாய் வேலையில் நான்கு வருஷம். ஒரு குழாயின் முனையை அடுத்த குழாயின் வாய்க்குள் சொருகுவார்கள். இடைவெளியில் சணலை முறுக்கி உள்ளே இடித்து இறுக்க வேண்டும். அப்புறம் வாயைச் சுற்றிக் களிமண் கயிறு போட்டு, மேலே ஒரு கண் விட்டு, உருக்கிய ஈயத்தை அந்தக் கண் வழியாக ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், இரண்டு மூச்சில் ஊற்றினால் ஒட்டாது. ஆறியதும் களிமண்ணைப் பிய்த்துவிட்டு உளியால் சுற்றி அடித்து இறுக்கினால் அந்த வாய் முடிந்தது. வாய்க்கு ஒரு ஈயக் கட்டி, இரண்டேகால் கிலோ. இந்தத் தெருவுக்கு முப்பத்தொரு வாய். முப்பத்தொரு கட்டி சாக்கில் வந்து இறங்கியது, நான்தான் எண்ணி வாங்கினேன், இரண்டு தடவை எண்ணினேன். கடைசி வாய் முடிந்த அன்று சாக்கை உதறினேன். உள்ளே ஒரு கட்டி இருந்தது.

இரண்டு. மூன்று. மூன்றாவதில் களிமண் கயிறு உள்வாங்கியதால் விழுந்த பள்ளம் ஒன்று இருக்கிறது, அதுவும் ஞாபகத்தில் இருப்பதுதான். ஒரு கட்டி மிஞ்சினால் ஒரு வாயில் ஈயம் இல்லை, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மிஞ்சியிருக்கலாமே என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். குறையாது. கட்டியை முழுசாகக் கரண்டியில் போட்டு உருக்கி முழுசாக ஊற்றுகிறவன் நான், மிஞ்சுவதெல்லாம் கீழே சிந்துகிற சொட்டுதான். அந்தச் சொட்டையும் இருளப்பன் மேஸ்திரி விடமாட்டார், சாயங்காலம் எங்களைக் குனிய வைத்துப் பொறுக்கச் சொல்லி அவருடைய சைக்கிளில் தொங்குகிற பால்மாவு டப்பாவில் போட்டுக்கொள்வார். நான்கு. ஐந்து. ஆகவே ஒரு வாய். எந்த வாய் என்பதும் எனக்குத் தெரியும், அதில்தான் எல்லாம் சிக்கி நிற்கிறது. ஜூலை பதினேழு, செவ்வாய்க்கிழமை. பத்தொன்பதாவது வாய், ஜைத்தூன் வீட்டு வாசலுக்கு நேராக. சணலை இடித்து இறுக்கி முடித்திருந்தேன், அது நிச்சயம், உள்ளங்கையில் சணல் குத்தியது இன்னும் இருக்கிறது. உலையில் ஊதிக்கொண்டிருந்தேனா, கட்டியைக் கரண்டியில் போட்டேனா, தெரியவில்லை, அதற்குள் மச்சினன் சைக்கிளில் வந்து காலை ஊன்றி நின்று, "மாமா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்றான். கேட்ட மாத்திரத்தில் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரியிடம் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை, வேலை நடுவில் லீவு கேட்பது எனக்கு எப்போதுமே ஆகாத காரியம், கேட்காமலே போனது அன்று ஒரு நாள்தான். ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள், இரண்டே முக்கால் கிலோ என்றாள் நர்ஸ், ஒரு கட்டிக்கு அரைக் கிலோ கூட என்று மனசு போட்டது. எவ்வளவு கேவலமான மனசு. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால் பத்தொன்பதாவது வாய் மண் போட்டு மூடியிருக்கிறது.

மூடக் கூடாது. தண்ணீர் விட்டுப் பார்க்கும் வரைக்கும் எந்த வாயையும் மூடக் கூடாது, மேஸ்திரியே சொல்லிச் சொல்லித் தேய்த்த பாடம். ஆனால் ஜைத்தூன் வீட்டில் அப்போது மாடி கட்டினார்கள், செங்கல் வண்டி உள்ளே போக வேண்டும், அதனால் மூடியிருப்பார்கள். ஈயம் ஊற்றி மூடினார்களா, ஊற்றாமலே மூடினார்களா? நான் ஊற்றிவிட்டுத்தான் போனேனா? நின்று அந்த மண்ணையே பார்த்தேன். மேஸ்திரி இருபதாவது வாயிடம் இருந்து, "அங்க என்ன பார்வ? வந்து அடுத்தத பாரு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அந்தத் திட்டில் ஏதாவது தெரிந்திருக்கும். ஒரு கேள்வி. "பத்தொம்பது முடிஞ்சிருச்சா மேஸ்திரி?" அவ்வளவுதான், மூன்றே சொல். அன்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் சைக்கிளில் டப்பா காற்றுக்கு ஆடி டிங் டிங் என்று சத்தம் போட்டது, உள்ளே ஒன்றும் இல்லை, யாரோ ஈயத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டான், இன்றைக்கு நமக்கு நல்ல பாட்டு இருக்கிறது என்று பயந்தேன், அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டி மிஞ்சிய அன்றாவது கேட்டிருக்கலாம். அன்று மேளம் வைத்துத் தண்ணீர் திறந்தார்கள், எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது, ஒரு இடத்திலும் ஊறவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியும், வெறும் சணல்கூட நனைந்து ஊதினால் கொஞ்ச காலத்துக்குப் பிடிக்கும். கட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும், லூர்து அதை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நான் பின்கதவு வழியாகப் போவதே குறைவு.

எட்டு. ஒன்பது. பத்தாவது குழாயோடு டிராக்டர் நிறைந்தது, போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தது. வெயில் ஏறிவிட்டது. "பெருசு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சங்கிலி அறுந்தா நாங்கதான் பதில் சொல்லணும்" என்கிறான் காளி. தள்ளி நின்றேன், இரண்டு அடி. பெருசு நம்மைவிட வேலையைக் கவனமாகப் பார்க்கிறது, இன்ஜினியர் மேடத்துக்கு வேலை மிச்சம் என்று திருமலை மேலிருந்து சொல்ல அந்தப் பெண் தேன்மொழி சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. பதினொன்று, பன்னிரண்டு. ஜைத்தூனின் மகன் நிஜாம் இறந்தது தண்ணீர் வந்து ஐந்தாவது வருஷம், ஆறு வயது, மஞ்சள் காமாலை. தெருவில் ஏழு வீட்டில் வந்தது, ஆறு வீட்டில் எழுந்துவிட்டார்கள். தண்ணீரால் வந்ததாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள், காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஆட்டோவில் மைக் போனது, எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடவில்லை. தேடியிருந்தால். வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது ஒரு இன்ஜினியர் பேச்சுவாக்கில் சொன்னார், குழாயில் தண்ணீர் ஓடுகிற நேரம் ஆபத்தில்லை, நிற்கிற நேரம்தான் ஆபத்து, உள்ளே வெறுமையானதும் இடுக்கு இருக்கிற இடமெல்லாம் வெளியில் கிடக்கிற அழுக்குத் தண்ணியை உறிஞ்சும் என்று. எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். மூன்றரை நாள் உறிஞ்சும். பத்தொன்பதாவது வாய்க்கு முக்கால் அடி தள்ளிச் சாக்கடை. அதற்குப் பிறகு நான் சோறு தின்ற நாளெல்லாம் இதைச் சேர்த்துத்தான் தின்றேன். ஸ்டெல்லா பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவாள், எல்லாரும் பாடுவார்கள், என் வாயும் அசையும், மனசு பத்தொன்பது, பத்தொன்பது என்று ஓடும். இப்போது அவள் கோயமுத்தூரில் இருக்கிறாள், போனில் வாழ்த்துச் சொல்கிறேன், அப்போதும் அதே எண்தான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டிருக்கிறேன். செய்தேன் என்றால் செய்தேன் என்று சொல்லலாம், செய்தேனா என்றே தெரியாததைச் சாமியாரிடம் எந்தக் கணக்கில் சொல்வது? கோபப்பட்டேன், இரண்டு தடவை பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இருளப்பன் மேஸ்திரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனேன், அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், கேட்கத்தான் போனேன், "சாப்பிட்டீங்களா மேஸ்திரி?" என்று கேட்டேன். மூக்கில் குழாய் சொருகியிருந்தவரைப் பார்த்து. அவர் சிரித்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டார்.

பதினைந்து. பதினாறு. ஜைத்தூன் வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. தெருவுக்கே கறிவேப்பிலை அங்கிருந்துதான். மே மாசத்தில் வேப்பமரம்கூட வாடி நிற்கும்போது அது மட்டும் கருகருவென்று நிற்கும். எப்படி நிற்கும்? அடியில் தண்ணீர் கசிந்தால்தானே நிற்கும். லூர்து வாரம் ஒரு கொத்து வாங்கி வந்து ரசத்தில் கிள்ளிப் போடுவாள், நான் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பேன். "சின்னப்புள்ள மாதிரி" என்பாள். எத்தனை இலை என்று எண்ணியும் வைப்பேன், எண்ணாமல் வைக்கத் தெரியாது. பதினேழு வந்தது, நல்ல வளையம். பதினெட்டு வந்தது, நல்ல வளையம், இந்த இடத்தில் உளி ஒன்று வழுக்கியிருக்கிறது. பதினெட்டுக் கொட்டை வலது பையில். இனி அடுத்தது. ஜேசிபியின் கை கறிவேப்பிலை மரத்தை ஒட்டி இறங்குகிறது. என் கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன், இருந்தது, செருப்பு மாறிப் போட்டிருந்தேன், காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறேன் போல. கட்டர் சத்தம் ஆரம்பித்தது. அப்போது பார்த்து, "அண்ணே, இத கொஞ்சம் பிடிங்களேன், கை நடுங்குது" என்றாள் ஜைத்தூன். தட்டில் ஏழு டம்ளர் டீ. அவளுக்கு எழுபது ஆகப்போகிறது, வாசற்படி உயரம், நடுங்கத்தான் செய்யும். நான் தட்டை வாங்கினேன். வாங்கித்தானே ஆக வேண்டும். டீ சிந்தாமல் திரும்பி, திண்டில் வைத்து, ஒன்று, இரண்டு என்று டம்ளரை எடுத்து வைத்து, முதல் டீயை இன்ஜினியர் பெண்ணுக்குக் கொடுத்து, திரும்பினேன். பள்ளம் காலியாக இருந்தது. குழாய் டிராக்டரில் ஏறிவிட்டது, வாய் அந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது. நாற்பத்தொரு வருஷம் காத்திருந்து, அன்றைக்கு ஒரு நல்ல சேதிக்காகத் திரும்பினேன், இன்றைக்கு ஏழு டம்ளர் டீக்காகத் திரும்பினேன்.

இருபதாவதைத் தூக்கிவிட்டார்கள். அதைப் பார்த்தேன், ஈயம் இருந்தது, கொட்டையை எடுக்கப் போன விரல் பைக்குள்ளேயே நின்றுவிட்டது, எதற்காக எடுக்கிறேன், பத்தொன்பதுக்கா இருபதுக்கா? இருபதுக்குத்தான், எடுத்து வலது பையில் போட்டேன். பார்த்ததற்குத்தான் மாற்றலாம். பார்க்காததற்கு மாற்றினால் இவ்வளவு காலம் எண்ணியதெல்லாம் பொய்யாகிவிடும். இருபதும் டிராக்டரில் ஏறியது, பத்துக் குழாய் ஆகிவிட்டது, இந்த நடை நிறைந்துவிட்டது, டிரைவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கேள் சவரிமுத்து. கேள். வாய் திறந்து, தம்பி கொஞ்சம் நிறுத்துங்கள், அந்தக் குழாயைக் காட்டுங்கள் என்றால் யார் உன்னை அடிக்கப்போகிறார்கள்? எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று கேட்டால் ஜைத்தூன் இங்கே நிற்கிறாள், அவள் காதுபட என்ன சொல்வேன், உன் பிள்ளையைக் கொன்றது நானா இல்லையா என்று பார்க்கப்போகிறேன் என்றா? போகட்டும். போய்விட்டால் இரும்புக் கடையில் உடைத்துவிடுவார்கள், இனி யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாது, அதுவும் ஒரு நிம்மதிதான் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் அது நிம்மதி இல்லை என்று தெரிந்துவிட்டது. டிராக்டர் உறுமி ஒரு முழம் நகர்ந்தது. "நிறுத்துங்க!" யார் கத்தினார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். நாய்கூட. லூர்து உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள், "என்ன, விழுந்துட்டீகளா?"

"அந்தக் கொழாய நான் பாக்கல" என்றேன். "எந்தக் கொழாய?" என்றான் காளி. "மேலருந்து ரெண்டாவது. பத்தொம்பது." காளி திருமலையைப் பார்த்தான். "அண்ணே, நம்பர் போட்டு வச்சிருக்காரு. நம்ம கூட எண்ணலியே!" தேன்மொழி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "எதுக்குங்கய்யா அது?" பயந்த கேள்வி வந்துவிட்டது. "இந்தத் தெருவுக்கு ஈயம் ஊத்துனது நாந்தான்மா. அது ஒன்னுல எனக்குச் சந்தேகம்" என்றேன். அவ்வளவு சின்னதாகச் சொல்ல முடியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. அவள் டிராக்டர்காரரிடம் கையைக் காட்டினாள். "இறக்கச் சொல்றத இறக்குங்க, அஞ்சு நிமிஷத்துல ஒன்னும் ஆயிராது." சுராஜ் மேலே ஏறி இருபதாவதை ஒதுக்கிவிட்டுப் பத்தொன்பதைத் திருப்பி வைத்தார். நான் டிராக்டரின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வளையம் இல்லை. கருப்பாக இருந்தது. வாயைச் சுற்றிக் கருமண்ணும், தலைமுடி மாதிரி மெல்லிய வேரும், கறிவேப்பிலை வேர்தான், அந்த வாசனைகூட வந்தது. சரி. அப்படியென்றால் சரி. இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே இருந்தது, தெரிந்ததைப் பார்க்க எதற்கு இந்தக் கூப்பாடு என்று மனசு மிகவும் அமைதியாகச் சொல்லிக்கொண்டே போனது, காதுக்குள் அந்த ஆட்டோ மைக் ஓடியது, காய்ச்சிக் குடியுங்கள், காய்ச்சிக் குடியுங்கள். சுராஜ் என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து வேரைப் பிய்த்து, மண்ணைச் சுரண்டினார். ஒரு கோடு வெளுத்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினார். "சீசா" என்றார். அப்புறம் எனக்குப் புரியவில்லையோ என்று தமிழில், "ஈயம், ஈயம். இருக்கு தாத்தா. ஃபுல் இருக்கு" என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

இருந்தது. முழு வட்டமும் இருந்தது. காளி பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினான். எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை, அதைச் சொல்ல வேண்டும், முதலில் வந்தது குழப்பம்தான், ஏனென்றால் அது என் வளையம் இல்லை. என் வளையம் வழவழவென்று இருக்கும், இது சொரசொரப்பு, நடுநடுவே கரித்தூளும் மண் துணுக்கும் உறைந்து கிடக்கிறது, புதுக் கட்டியை உருக்கினால் இப்படி வராது. விரலை வைத்துத் தடவினேன். உளித் தடம் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது கையில் சுத்தியல் பிடிக்கிறவன் எப்படி அடித்தாலும் தடம் அப்படிச் சாயாது. என்னோடு வேலை பார்த்தவர்களில் இடது கையில் சுத்தியல் பிடிக்கிறவர் ஒருவர்தான். சாப்பிடும்போது மட்டும் சிரமப்பட்டு வலது கையால் சாப்பிடுவார், வேலைக்கு என்றால் இடது கைதான், எதிரில் நின்றால் நம் மேல் அடித்துவிடுவார் என்று நாங்கள் ஒதுங்கி நிற்போம். இருளப்பன் மேஸ்திரி. காலி டப்பா. மறுநாள் காலை காற்றில் டிங் டிங் என்று ஆடிய காலி டப்பா. நான் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறார். செங்கல் வண்டிக்காரன் வந்து நின்று கத்தியிருப்பான். சாக்கில் கை வைக்காமல், தான் பொறுக்கிச் சேர்த்த சொட்டையெல்லாம் கொட்டி உருக்கி, தானே ஊற்றி, தானே உளி அடித்து, மண்ணையும் போட்டுவிட்டார். ஏன் சாக்கில் இருந்து ஒரு கட்டியை எடுக்கவில்லை? நான் எண்ணி வைத்த கட்டி என்று நினைத்திருப்பார். எண்ணிக்கை குறைந்தால் இவன் பதறுவான் என்று. என் கணக்கு குறையக் கூடாது என்று அவர் பார்த்துச் செய்தார், கணக்கு கூடிப்போய்விட்டது. கூடியதை அவர் அறியவில்லை, கட்டியைத்தான் நான் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துவிட்டேனே. மூன்றே சொல் கேட்டிருந்தால், நாந்தாண்டா ஊத்துனேன், புள்ள எப்படி இருக்கு என்று திட்டிக்கொண்டே சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தால்கூட.

"என்னண்ணே, அதுல என்ன இருக்கு?" என்றாள் ஜைத்தூன். "ஈயம் இருக்கும்மா" என்றேன். "இருந்தா நல்லதா?" "இருக்கணும். இருக்கு." அவள் தலையை ஆட்டினாள், பெரிய விஷயம்போல ஆட்டினாள், எனக்காகத்தான் ஆட்டினாள் என்று தெரிந்தது. நான் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். எதிர்வீட்டில் இத்தனை காலம் இருக்கிறோம், வருகிறாள் என்றால் நான் மேலே கம்பியைப் பார்ப்பேன், பேசினால் அவள் செருப்பைப் பார்த்துப் பேசுவேன். மூக்குக் கண்ணாடியில் இடப்பக்கம் ஒரு கீறல். தாடையில் ஒரு மச்சம், அதில் ஒரு வெள்ளை முடி. நிஜாமுக்கும் அதே இடத்தில் மச்சம் இருந்தது, பெட்டிக்கடையில் மிட்டாய்க்கு நிற்கும்போது பார்த்திருக்கிறேன், அவனைப் பார்க்க எனக்கு அப்போது பயம் இருந்ததில்லை. அவன் எதனால் போனான் என்று இப்போதும் தெரியாது. எந்தத் தண்ணீரில், எந்தக் குழாயில், எந்த வீட்டில். அது அப்படியே இருக்கிறது, அதை இந்த வளையம் தீர்த்துவைக்காது. என் கை வழியாக வரவில்லை, அது மட்டும்தான் இன்று தெரிந்தது, எனக்கு அது போதும், அவளுக்குப் போதாது, அவளிடம் சொல்லவும் கூடாது. வேறு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. "இந்த மரம் எப்படிம்மா மே மாசத்துலயும் பச்சையா நிக்கிது?" என்றேன். அவளுக்கு ஆச்சரியம், நானாக ஒன்றைக் கேட்டது. "நிக்காம என்னண்ணே? தொழுகைக்கு ஒளு செய்யிற தண்ணி பூராவும் அதுக்குத்தான போவுது. வீட்டுல நாலு பேரு, ஒரு நாளைக்கு அஞ்சு வேள." நான்கு ஐந்து இருபது. ஒரு நாளைக்கு இருபது ஆள் கை கால் முகம் கழுவுகிற தண்ணீர். நிற்கத்தான் செய்யும். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன், அடங்கவில்லை, இருமுகிற மாதிரி இருமினேன். லூர்து கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு இந்த மனுசன் பேசுன பேச்ச மாசம் பூரா பேசுனதில்ல" என்றாள் ஜைத்தூனிடம். "வெயிலு" என்றாள் ஜைத்தூன்.

ஒரு கொட்டையை எடுத்து வலது பையில் போட்டேன். டிராக்டர்காரர் கிளம்பும்போது, "உங்க பேரு என்ன தம்பி?" என்று கேட்டேன். "பழனியாண்டி" என்றார். எட்டுப் பேருக்கும் பெயர் வந்துவிட்டது. இனிமேல் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் நாற்காலியைக் கூடவே நகர்த்திக்கொண்டு மேற்கே போனேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் காளி, "வாங்க பெருசு, நம்பர் இருபத்து நாலு ரெடி" என்று கூப்பிட்டுக் காட்டினான், கேலிதான், கேலி செய்தபடியே ஒவ்வொரு வாயையும் கழுவி வைத்தான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். ரசத்தில் ஆறு இலை கிடந்தது. பொறுக்கி வைக்கவில்லை. கசப்பும் காரமுமாக ஒரு ருசி, நன்றாகத்தான் இருந்தது. லூர்து தட்டின் ஓரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இன்று சாயங்காலம் கேட்காமலே சொல்லிவிடலாம் என்று தோன்றியது, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன், ஸ்டெல்லா இரண்டே முக்கால் கிலோ இருந்தாள் என்பதில் தொடங்கலாம், அது அவளுக்கும் தெரியும். நாலே முக்காலுக்குக் கடைசிக் குழாய் மேலே வந்தது. ஜேசிபியை அணைத்ததும் தெரு திடீரென்று பெரிதாகிவிட்டது. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன், குழாய் கிடந்த தடம் ஈரமில்லாமல் நேராக, கிழக்கிலிருந்து மேற்கு வரைக்கும் கோடு கிழித்த மாதிரி கிடந்தது. "நாளைக்குக் கருப்புக் குழாய், சூடு பண்ணி ஒட்டிருவோம், ஈயமெல்லாம் இல்ல" என்றாள் தேன்மொழி. "எத்தன ஒட்டு வரும்?" என்று கேட்டேன். அவள் கணக்குப் போட்டு நாற்பத்தெட்டு என்றாள். சரி, அது அவள் எண்ண வேண்டியது.

வீட்டுக்குள் வந்து பையைக் காலி செய்தேன். வலது பையில் முப்பத்தொரு கொட்டை. இரண்டு தடவை எண்ணினேன். இடது பையை வெளியே இழுத்து உதறினேன், கொஞ்சம் தூசி விழுந்தது. அப்புறம் பின்கதவுக்குப் போனேன். மேல் காற்று அடித்துக்கொண்டிருந்தது, கதவு அசையவில்லை. வாய் முப்பத்தொன்று. ஈயம் இருந்த வாய் முப்பத்தொன்று. குனிந்து கட்டியைத் தூக்கினேன், கனமாகத்தான் இருந்தது, இரண்டேகால் கிலோ, ஒரு பக்கம் கதவு தேய்த்துப் பளபளப்பாகியிருக்கிறது. பழைய இடத்திலேயே வைத்தேன். மிச்சம், கட்டி ஒன்று.